தகுதியுரையில் எழுத முடியாத பெயர்

விசாகா தீர்ப்பை முழுதாகப் படித்துப் பாருங்கள். அதில் பன்வாரி தேவி என்ற பெயர் வராது. 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஜே. எஸ். வர்மா, சுஜாதா மனோகர், பி. என். கிர்பால் அமர்வு வழங்கிய தீர்ப்பு. ராஜஸ்தானின் ஒரு கிராமத்தில் சமூகப் பணியாளர் ஒருவருக்கு நேர்ந்ததாகச் சொல்லப்படும் கொடுமை என்று ஒரு வரி. அது தனி வழக்கு, இங்கே மேலும் பேசத் தேவையில்லை என்று இன்னொரு வரி. வழக்குக்கும் மனுப் போட்ட அமைப்பின் பெயர்தான். சட்டக் கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன். பன்வாரியின் பெயரைப் பின்னாளில் ஒரு பெண்கள் அமைப்பின் சுவரொட்டியில்தான் பார்த்தேன்.

அவர் பட்டேரி கிராமத்துக்காரர், குயவர் சாதி. மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’, அதாவது தோழி, என்ற வேலை. 1992-இல் குழந்தைத் திருமணங்களைத் தடுக்கச் சொன்னது அரசு. தடுக்கப் போனார். கல்யாணப் பெண்ணுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பழிவாங்க, செப்டம்பர் 22 அன்று வயலில், கணவரை அடித்துப் பிடித்து வைத்துக்கொண்டு, அவர் கண்ணெதிரே பன்வாரியைக் கூட்டு வல்லுறவு செய்தார்கள். மருத்துவப் பரிசோதனை நடக்க இரண்டு நாளுக்கு மேலாயிற்று. காவல் நிலையத்தில் பாவாடையைச் சாட்சியமாகக் கேட்டார்கள். கழற்றிக் கொடுத்துவிட்டு, கணவரின் துணியைச் சுற்றிக்கொண்டு இரவில் வெளியே வந்தார். நீதித்துறையின் வாசற்படி அவருக்கு அப்படித்தான் அறிமுகமானது.

1994-இல் அவருக்கு நீரஜா பனோட் விருது கிடைத்தது. 1986-இல் கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் பயணிகளைக் காக்கப் போய்ச் சுடப்பட்டு இறந்த பணிப்பெண்ணின் பெயரால், அவருடைய குடும்பத்தார் நிறுவிய விருது. ஒரு லட்சம் ரூபாய். மகளைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் பன்வாரியை நம்பியது. மறு ஆண்டு நவம்பரில் ஜெய்ப்பூர் நீதிமன்றம் நம்பவில்லை. வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து ஐந்து பேரும் விடுதலை. மேல்சாதிக்காரர்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தங்களைத் தீட்டாக்கிக்கொள்ள மாட்டார்கள் என்பதும் அங்கே ஒரு காரணமாயிற்று. தீட்டுப் பார்க்கிறவன் தொட மாட்டானாம்! நம் ஊரில் களையெடுக்கப் போகிற எந்தப் பெண்ணிடமும் சொல்லிப் பாருங்கள், சிரிப்பாள். சிரித்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து வாயை மூடிக்கொள்வாள்.

விருது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊர் ஒதுக்கிவைத்த குடும்பத்துக்கு அந்தக் கௌரவம் சின்ன விஷயமல்ல. ஆனால் விருது கொடுத்தவர்கள் பன்வாரிக்கு எதுவும் கடன்பட்டவர்கள் அல்லர். கடன்பட்டது அரசு. அதன் வேலையைச் செய்யப் போன இடத்தில்தான் இது நடந்தது. வேலைக்கு அனுப்பியவருக்குப் பொறுப்பில்லையா என்று பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் கேட்டதிலிருந்துதான் விசாகா நெறிமுறைகள் வந்தன, அவற்றின் மேல் 2013-இன் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தால்தான் நான் இரண்டு நிறுவனங்களின் உள்ளகப் புகார் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். பத்துப் பேர் வேலை செய்யும் இடமென்றால் குழு இருக்க வேண்டும், அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். 90 நாள் என்று புகார்தாரரிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பன்வாரியின் மேல்முறையீடு நினைவுக்கு வரும். சம்பவம் நடந்து 15 ஆண்டு கழிந்த 2007-இல், உயர் நீதிமன்றத்தில் அது ஒரே ஒரு முறைதான் விசாரணைக்கு வந்திருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் இருவர் அதற்குள் இறந்தே போனார்கள்.

போன வருடம் ஒரு விருதுத் தேர்வுக் குழுவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். நீதித்துறை மேம்படப் பங்களித்த பெண்களுக்கான விருது. ஓய்வு பெற்ற நீதிபதி, மூத்த வழக்கறிஞர், சட்ட உதவி மையம் நடத்துபவர் என்று வந்த பெயர்களில் குறையில்லை, எல்லோரும் உழைத்தவர்கள். புகார் கொடுத்த பெண் ஒருவரையாவது சேர்க்கலாமே என்றேன்.

“மேடம், அவங்க மேடைக்கு வருவாங்களா? பேரையே போட முடியாதே,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அவர் சொன்னது சரி. புகார்தாரரின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை, அது அவசியமான பாதுகாப்பும்கூட. பன்வாரி தன் பெயரையும் முகத்தையும் மறைக்கவில்லை. அது அவருடைய துணிவு, அதையே மற்றவர்களிடமும் எதிர்பார்ப்பது அநியாயம். விருதுக்கோ ஒரு பெயர் வேண்டும், பொன்னாடை போர்த்த ஒரு தோள் வேண்டும், போட்டோ வேண்டும்.

அப்படியானால் ஷீல்டுக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து, மகளிர் நீதிமன்றத்துக்கு வாய்தாவுக்கு வந்துபோகிற பெண்களின் பஸ் செலவுக்கும் அன்றைய கூலிக்கும் கொடுக்கலாம், பெயர் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்றேன். இது விருது நிகழ்ச்சி மேடம், நிவாரணம் இல்லை என்றார்கள். இரண்டும் ஏன் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். கூட்டக் குறிப்பில் என் யோசனை ஏறியிருக்கிறது. இந்த வருடக் கூட்டத்துக்குத் தேதி இன்னும் வரவில்லை.