இரு பக்கமும் அய்யனார்

தியாகதுருகம் கோட்டை மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஓர் ஊர். ஏரிக்கரையை ஒட்டி அய்யனார் கோயில். கட்டடம் எதுவும் கிடையாது. மண்குதிரைகள், ஒரு கல் மேடை, சுற்றிலும் வெயில் இறங்காத காடு, அவ்வளவுதான். அந்தக் காட்டு மரங்களை ஏலம் விட்டு, வரும் பணத்தில் கோபுரத்தோடு சிமென்ட் கோயில் கட்டுவதென்று திருப்பணிக் குழு முடிவெடுத்தது. கூடாது என்று பூசாரியும் சில விவசாயிகளும் வழக்கறிஞரான என்னிடம் வந்தார்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு (2019) முந்தைய கதை இது.

பக்தர்களுக்கும் நாத்திகர்களுக்கும் நடந்த சண்டையாக இருந்திருந்தால் வாதம் சுலபம். இங்கே இரண்டு பக்கமும் பக்தர்கள். “பூ போட்டுக் கேட்டோம், சாமி உத்தரவு கொடுத்துவிட்டார்” என்று குழுவினர் எதிருரையிலேயே எழுதியிருந்தார்கள். “நாங்களும் பூ கேட்டுப் பாக்கறோம் சார்” என்றார்கள் என் கட்சிக்காரர்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா என்று முன்சீப் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், அந்த இடம் புறம்போக்கு. அதுவே எங்களுக்குப் பிடி. நிலம் அரசுடையது என்றால் மரத்தை ஏலம் விடக் குழுவுக்கு ஏது உரிமை? ஆனால் அரசைப் பிரதிவாதியாகச் சேர்க்க, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத அறிவிப்பு தர வேண்டும். கோடாலி இரண்டு மாதம் காத்திருக்காது. 80(2)-இல் அவசர அனுமதி பெற்றுத்தான் வழக்கைத் தாக்கல் செய்தோம். இடைக்காலத் தடையும் கிடைத்தது.

பார்வையிடப் போன வழக்கறிஞர் ஆணையர் “சில முள்மரங்களும் புதர்களும்” என்று அறிக்கை கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தேக்கையும் வேம்பையும் தேடிப் போகிற கண்ணுக்கு அந்தக் காடு புதராகத்தான் தெரியும். மனுப் போட்டு, தாவரவியல் ஆசிரியர் ஒருவரை உடன் அனுப்பி மறுபடி பார்க்க வைத்தோம். வீரை, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை, வெப்பாலை என்று பட்டியல் வந்தது. சோழமண்டலக் கரையிலும் அதை ஒட்டிய சமவெளியிலும் ஒருகாலத்தில் பரவிக் கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. இன்று அந்த வகைக் காடு பெரும்பாலும் இதுபோன்ற கோயில் காடுகளில்தான் உயிரோடிருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு அய்யனார் காடு பலரும் அறிந்த உதாரணம்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பூசாரியை மடக்கப் பார்த்தார்.

“மரத்தை வெட்டினால் சாமி தண்டிக்கும் என்கிறீரே, அப்படித் தண்டித்ததை நேரில் பார்த்திருக்கிறீரா?”

“இல்லீங்க ஐயா. இதுவரைக்கும் யாரும் வெட்டலீங்களே, எப்படிப் பாக்கறது?”

கோர்ட்டே சிரித்தது. எனக்கு அது வழக்கின் மையச் சாட்சியம். பட்ட மரத்தைக்கூட வெளியே கொண்டுபோவதில்லை, சுள்ளி பொறுக்கினால் பொங்கல் அடுப்புக்கு மட்டும், செருப்போடு உள்ளே போவதில்லை என்று அடுத்தடுத்த சாட்சிகளும் அதையே சொன்னார்கள். அரசியலமைப்பின் 13-ஆம் உறுப்பு, சட்ட வலிமை பெற்ற வழக்கத்தையும் ‘சட்டம்’ என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. சாமி கண்ணைக் குத்துமா என்பதை நான் நிரூபிக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஊர் அதை நம்பி நடந்ததைக் காட்டினால் போதும்.

நியமகிரித் தீர்ப்பையும் (2013) வைத்தேன். ஒடிசாவின் டோங்ரியா கோந்து மக்கள் நியம ராஜாவாக வணங்கும் மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதை கிராம சபைகளே சொல்லட்டும் என்றது உச்ச நீதிமன்றம். 12 கிராம சபைகளும் கூடாது என்றன. “அவர்கள் பழங்குடிகள், வன உரிமைச் சட்டம் இருக்கிறது. இங்கே?” என்று எதிர்த்தரப்பு கேட்டது நியாயமான கேள்விதான். மேற்கே கல்வராயன் மலைக்கு ஏறினால் மலையாளிப் பழங்குடியினருக்கு அந்த 2006 சட்டம் துணை நிற்கும். அடிவாரத்துச் சமவெளி அய்யனாருக்கு அந்தத் துணை இல்லை. கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தில் பிறந்த உத்தரவைத்தான் பிடித்துக்கொண்டேன்: அகராதிப் பொருளில் காடாக இருப்பது, உரிமை யாருடையதானாலும் காடுதான்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. முன்சீப் பெரிய தத்துவம் எதுவும் எழுதவில்லை. குழுவுக்கு மரத்தின் மேல் உரிமை இல்லை, வழக்கம் நிரூபிக்கப்பட்டது, நிரந்தரத் தடை. காட்டுக்கு வெளியே காலியிடத்தில் கோயில் கட்டிக்கொள்ள இந்தத் தடை குறுக்கே நிற்காது என்றும் சேர்த்திருந்தார். குழு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

காட்டைக் காக்க சாமி பயம் மட்டும் இருந்தால் போதும் என்பாரிடம் நான் ஒத்துப்போவதில்லை. கென்யக் கடற்கரையில் மிஜிகெண்டா மக்களின் ‘காயா’ காடுகளையும் முன்னோர் பயமும் மூத்தோர் சொல்லும்தான் காத்தன. ஆனாலும் அந்நாட்டு அரசு 1992 முதல் அவற்றைத் தேசியச் சின்னங்களாக அறிவிக்கத் தொடங்கியது, 2008-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அவை ஏறின. இங்கே 2024 டிசம்பர் 18 அன்று, ராஜஸ்தானின் ‘ஓரண்’ காடுகளை அளந்து வரைபடமாக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு முழுவதும் உள்ள கோயில் காடுகளுக்கு ஒரு கொள்கை வகுக்கவும் மத்திய அரசுக்குச் சொன்னது. 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காடு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு காடு இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டில் அது என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது எனப் பார்த்துவிட்டு வாருங்கள். வெறும் புறம்போக்கு என்றிருந்தால், அடுத்த கிராம சபையிலேயே அதைக் கோயில் காடு என்று தீர்மானம் போட்டு நகலை வாங்கி வையுங்கள்.