டூகோவின் துவக்குக்கு எந்த ரவை?

செர்ஜியோ லியோனியின் 'த குட், த பேட் அண்ட் த அக்லி' (1966) படத்தில் எங்களுக்கெல்லாம் பிடித்தது அந்தத் துவக்குக் கடைக் காட்சி. டூகோ ரிவோல்வர்களைக் கழற்றி, உருளையைக் காதோடு வைத்துச் சுழற்றி, நல்ல பாகங்களாய்த் தேர்ந்து ஒன்று பொருத்துவான்.

கதை நடப்பது 1862இல். பழைய கோல்ட் ரிவோல்வர்களைப் பித்தளைக் கோது ரவைக்கு மாற்றியது 1870களில்தான். அதற்கான காப்புரிமை 1869 வரை ஸ்மித் அண்ட் வெஸனின் கையில் இருந்தது.

சரி, படம்தானே எண்டு விடலாம். ஆனால் இண்டைக்கு இத்தாலியில் செய்யும் பிரதிகளுக்கு ரவை தேர்வதில் விளையாட்டில்லை. '.38 ஸ்பெஷல்' குண்டின் உண்மையான விட்டம் 0.358 அங்குலம். '.36' எனப்படும் நேவி ரிவோல்வரின் குழலோ சுமார் 0.375. பெயரில் பெரியது அளவில் சின்னன்! அந்தக் குழலுக்கு ரவை உருளையை மட்டும் மாற்றினால், குண்டு தளர்ந்து குறி தவறும். அதனால்தான் அடி குழிந்த மென்ஈயக் குண்டு. வெடிக்கும்போது அடி விரிந்து குழலைப் பிடிக்கும். அழுத்தமும் குறைவாக இருக்கவேணும். உருளைக்கு மேலே சட்டமில்லாத அந்த உடல் அதிகம் தாங்காது.

வெடிச்சத்தத்துக்கு இப்பவும் திடுக்கிடும் பெரியாக்களோடு இருந்துதான் நாங்கள் வெஸ்டர்ன் பார்க்கிறோம். துவக்கின் ஸ்டைலோடு, அது உண்மையில் என்ன பொருள் எண்டதும் தெரிஞ்சு பார்ப்பம்.