இரவல் மேசை

வீட்டில் எனக்கென்று ஒரு மேசை கிடையாது. சாப்பாட்டு மேசையில் மகன் படிக்கிறான். கணவர் வேலை செய்யும் அறைக்குக் கதவு இருக்கிறது, அது மூடியே இருக்கும். இருபது ஆண்டு ஆசிரியப் பணிக்கும் இரண்டு கவிதைத் தொகுப்புகளுக்கும் பிறகும் நான் எழுதும் இடம், கல்லூரிக் கணினி அறையில் பதினேழாம் எண் இருக்கைதான். மதியம் 12.50 முதல் 1.30 வரை அது என் மேசை. டிபன் பாக்ஸை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பல நாள் அது திறக்கப்படாமலே வீடு திரும்பும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, அந்த மேசையில் நான் எழுதிய பதினோரு பக்கங்கள் காணாமல் போயின. சங்கப் பெண்பாற் புலவர்களில் பாடிய பொருளாலோ பாட்டில் வந்த தொடராலோ பெயர் பெற்றவர்களைப் பற்றிய கட்டுரை அது. காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் ஆனவரைப் போன்றவர்கள். வெள்ளிக்கிழமை வரை எழுதிய நான்கு பக்கங்கள் அப்படியே இருந்தன. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நடக்கவே இல்லை என்பதுபோல் திரை சுத்தமாக இருந்தது.

“லேப்பைக் கூப்பிடு” என்று கத்தினேன். ஆய்வக உதவியாளரைத் துறையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். வந்தார். குனிந்து திரையைப் பார்த்தார். “மேடம், திங்கட்கிழமை லாகின் பண்றப்போ மூலையில ஒரு மெசேஜ் வந்துச்சா?” என்று கேட்டார். வந்திருக்கும். ஆங்கிலத்தில் ஏதோ இரண்டு வரி வந்து மறைந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

“நீ என்னத்தப் பாத்துக்கற?” என்றேன். அன்றே முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘ஆய்வக உதவியாளரின் கவனக்குறைவால்’ என்று தொடங்கிய கடிதம். மறுநாள் அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ போனது.

நான் உட்காரும் இடத்தில் கணினி என்று ஒன்று இல்லை என்பதே எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. திரைக்குப் பின்னால் கெட்டி அட்டை போட்ட புத்தகம் அளவுக்கு ஒரு பெட்டி ஒட்டியிருக்கும். அதில் நம் கோப்பு எதுவும் தங்குவதில்லை. கீழ்த்தளத்தில் பூட்டிய குளிர் அறையில் இரண்டு சர்வர்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் மென்பொருளால் ஆன அறுபது கணினிகள் ஓடுகின்றன. லாகின் செய்தால் அவற்றில் ஒன்று நமக்கு ஒதுக்கப்படும். நாம் காண்பது அதன் படம். நாம் தட்டும் எழுத்து கீழே போய், அங்கே பதிந்து, படமாக மேலே வருகிறது. மெய்நிகர் மேசை என்று சொல்லலாம். என் வழக்கில் இரவல் மேசை.

அறுபதும் ஒரே மூலப் பிரதியிலிருந்து எடுத்த நகல்கள். மாணவி வேலை முடித்து ‘சைன் அவுட்’ கொடுத்தால் அந்த நகல் அழிந்து, மூலத்திலிருந்து புதிதாக ஒன்று எழும். வைரஸ் வந்தாலும் போய்விடும், கோப்பு இருந்தாலும் போய்விடும். ஆசிரியர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு தனி வட்டு உண்டு. எந்த நகல் கிடைத்தாலும் அந்த வட்டு வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். நம் கோப்புகள் இருப்பது அதில்தான்.

என் கதையில் நடந்தது இது. வெள்ளிக்கிழமை 4.10 பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் நான் சைன் அவுட் கொடுக்காமல் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். அணைந்தது பெட்டி மட்டும்தான். கீழே என் கணினி என் வட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. வார இறுதியில் அது உறைந்து போனது. திங்களன்று எனக்கு வேறொரு நகல் கிடைத்தது. ஆனால் வட்டோ பழையதன் பிடியில் இருந்தது. ஆகவே கணினி ஒரு தற்காலிகக் கணக்கைத் திறந்து, ‘இதில் வைப்பது நிற்காது’ என்று மூலையில் சொன்னது. நான் அதன் டெஸ்க்டாப்பில் மூன்று நாள் எழுதினேன். ஒவ்வொரு மாலையும் சுவிட்சைத்தான் அணைத்தேன். அதனால் கீழே அந்தத் தற்காலிகக் கணக்கு மூடப்படாமல் மறுநாளும் அப்படியே திரும்பி வந்தது, எனக்குச் சந்தேகமே எழவில்லை. புதன் இரவு பாதுகாப்பு அப்டேட்டுக்காக எல்லாம் மறுதொடக்கம் ஆயின. தற்காலிகக் கணக்கு போனது, வட்டு விடுபட்டது. வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது.

இதை எனக்குச் சொன்னவர் அவர்தான், மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு. குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. சொல்லி முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ‘வேலை முடிந்ததும் சைன் அவுட் கொடுத்துவிட்டு செல்லவும். சுவிட்சை அணைக்க வேண்டாம்’ என்று அவர் கையால் எழுதி ஒட்டிய தாள். ‘கொடுத்துவிட்டு’ என்பதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு ‘ச்’ செருகப்பட்டிருந்தது. அது என் கையெழுத்து. சந்திப்பிழையைத் திருத்திய தமிழ்ப் பேராசிரியர் வாக்கியத்தைப் படிக்கவில்லை.

பிறகு அவர் ஒரு நோட்டைக் காட்டினார். இருநூறு பக்க நீள நோட்டு. தேதி, இருக்கை எண், ‘சொன்னது’, ‘இருந்தது’, ‘செய்தது’ என்று ஐந்து கட்டங்கள். ‘சொன்னது: கம்ப்யூட்டர் ஸ்லோ. இருந்தது: 9.30க்கு அறுபது பேரும் ஒரே நேரத்தில் லாகின். செய்தது: 8.15க்கு வந்து பத்துப் பத்தாக எழுப்பி வைத்தேன்.’ ‘சொன்னது: பாஸ்வேர்டு ஏற்கவில்லை. இருந்தது: விசைப்பலகை தமிழில்.’ ‘சொன்னது: பழைய ஆய்வேடு ஆங்கிலக் குப்பையாக வருகிறது. இருந்தது: பாமினி எழுத்துரு மூலத்தில் இல்லை. செய்தது: நிறுவினேன். மறுநாள்: மறுபடி இல்லை.’

கடைசியில் சொன்னதை எங்கள் துறை நன்கு அறியும். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றுவிட்டது. ஆனால் அதற்கு முன் பாமினியில் தட்டச்சான ஆய்வேடுகள் அலமாரி அலமாரியாகக் கிடக்கின்றன. எழுத்துருவை ஒரு நகலில் போட்டால் அன்று மாலையே நகலோடு போய்விடும். மூலப் பிரதியில் போட வேண்டும். மூலத்தைத் திறக்கும் கடவுச்சொல், கணினிகளை அமைத்துத் தந்த நிறுவனத்தின் பொறியாளரிடம் இருக்கிறது. அவர் மாதம் ஒருமுறை வருவார். இந்தப் பெண் எம்.சி.ஏ. படித்தவர், ஆறு ஆண்டாக இதே அறையில் இருக்கிறார். அவருக்குக் கடவுச்சொல்லும் இல்லை, சர்வர் அறைச் சாவியும் இல்லை. ‘எதையாவது தொட்டுட்டா?’ என்பதுதான் காரணமாம். தற்காலிகக் கணக்கு திறந்தால் திரை நடுவே தமிழில் எச்சரிக்கை வர வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று நகல்களும் நோட்டில் ஒட்டியிருந்தன. பதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு என் பேச்சே உறைத்தது. மாதம் ஒருமுறை வரும் அந்தப் பொறியாளருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அவரை ‘சார், வாங்க’ என்கிறேன். முப்பத்து நான்கு வயதுப் பெண்ணை ‘நீ’ என்கிறேன். பெண் மொழி பற்றி வகுப்பெடுக்கும் வாய் இது.

பெண்ணியம் பாடமாக எடுக்கும் மாணவிகளுக்கு எனியாக் கதையை நான் ஆண்டுதோறும் சொல்வதுண்டு. 1946 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் உலகுக்குக் காட்டப்பட்ட, சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள் கொண்ட கணினி. அதை இயக்கும் நிரல்களை அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். பாதுகாப்பு அனுமதி இல்லை என்று தொடக்கத்தில் அவர்களை இயந்திரம் இருந்த அறைக்குள்ளேயே விடவில்லை. வரைபடங்களை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கற்றார்கள். பழுது எந்தக் குழலில் என்று தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கற்றார்கள். செயல்விளக்கம் வெற்றி பெற்ற அன்றைய விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். மாணவிகள் குறிப்பெடுப்பார்கள். மணி அடித்ததும் நான் மாடி ஏறி, பூட்டிய அறைக்கு வெளியே நின்று அந்த இயந்திரத்தைக் கற்றுக்கொண்ட ஒருத்தியை ‘லேப்’ என்று கூப்பிடுவேன்.

இது இத்தோடு முடிந்திருந்தால் நான் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, இந்தக் கட்டுரையை எழுதாமல் விட்டிருப்பேன். ஆனால் அடுத்த மாதம் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளகப் புகார்க் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். அவள் புகார் எழுத வேண்டும். புகார் எதைப் பற்றியது என்று இங்கே சொல்ல மாட்டேன், சட்டமும் அதை அனுமதிக்காது. அவள் கேட்ட கேள்வியை மட்டும் சொல்கிறேன். “மேடம், லேப்ல டைப் பண்ணா யாராச்சும் பாப்பாங்களா?” அவள் கைபேசியை அண்ணன் தினமும் வாங்கிப் பார்ப்பானாம். பிரவுசிங் சென்டர்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவரிடம் அழைத்துப் போனேன். “கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றேன். அந்த ‘ங்க’ அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

அவர் மாணவியை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். “நீ சைன் அவுட் குடுத்ததும் அந்த மெஷினே அழிஞ்சிடும்மா. உனக்கு அப்புறம் உக்கார்றவங்களுக்கு ஒரு எழுத்துகூடக் கிடைக்காது. சுவிட்சை மட்டும் அணைச்சிட்டுப் போயிடாத, அப்போ உள்ள திறந்தே இருக்கும். பிரின்ட் குடுத்தா ஃபைல் பேரு பிரின்டர் வரிசையில தெரியும். அதனால ‘கட்டுரை 2’ன்னு பேரு வை.” கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஆனா டைப் பண்ணிட்டு இருக்கறப்போ, அட்மின் உரிமை இருக்கறவங்க அந்தத் திரைய இங்கிருந்தோ வெளியிலிருந்தோ பாக்க முடியும் மேடம். பாக்கறதுக்கு முன்னாடி நம்மகிட்ட அனுமதி கேக்கற மாதிரியும் வைக்கலாம், கேக்காமலே பாக்கற மாதிரியும் வைக்கலாம். நம்ம காலேஜ்ல எப்படி வெச்சிருக்காங்கன்னு எனக்குக் காட்ட மாட்டாங்க.”

பழுது பார்க்க அந்த வசதி தேவைதான். நாம் ‘வேலை செய்யவில்லை’ என்றதும் பொறியாளர் தம் இடத்திலிருந்தே நம் திரையைத் திறந்து சரிசெய்கிறார். ஆனால் கதவைத் தட்டிவிட்டு வருவதும் தட்டாமல் வருவதும் ஒன்றல்ல. இதைப் பெண்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அன்று மாணவி புகாரைத் தாளில், கையால், என் துறை அறையில் எழுதினாள்.

மூன்று நாள் எழுத்து அழிந்தது என்று நான் ஊரைக் கூட்டினேன். அதே அழிவு அவளுக்கு நிழலாக இருந்திருக்கும், கதவு மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால். எனக்கு நிற்க வேண்டியது நிற்கவில்லை. அவளுக்கு அழிய வேண்டியது அழியுமென்ற உறுதி இல்லை. எது நிற்க வேண்டும், எது அழிய வேண்டும், யார் பார்க்கலாம் என்பதை முடிவு செய்யும் இடத்தில் நாங்கள் மூவருமே இல்லை. அந்த அறையில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதைப் பார்த்துக்கொள்பவரும் பெண். சாவி மட்டும் மாதம் ஒருமுறை வந்து போகிறது.

இந்த முறை கடிதத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். செய்தி அவருடையது, சந்தி என்னுடையது. திரையைப் பார்க்கும் முன் அனுமதி கேட்க வேண்டும், அந்தக் கேள்வி தமிழிலும் வர வேண்டும். தற்காலிகக் கணக்கு திறந்தால் நடுத்திரையில் தமிழில் எச்சரிக்கை வேண்டும். மூலப் பிரதியில் மாற்றம் செய்யும் உரிமையும் சர்வர் அறைச் சாவியும் ஆய்வக உதவியாளருக்கு வேண்டும். குழு உறுப்பினர் என்ற முறையில் நான் கையெழுத்திட்டேன். அவருக்குப் பதில் வராத அதே அலுவலகத்திலிருந்து எனக்கு ஒன்பது நாளில் பதில் வந்தது. முதல் இரண்டும் நடந்துவிட்டன. பாமினியும் மூலத்தில் ஏறிவிட்டது. சாவி ‘பரிசீலனையில்’ இருக்கிறது.

இன்னொரு கடிதம் நான் தனியாக எழுதினேன், என் பழைய புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் தவறு என்னுடையது என்றும். முதல்வர் சிரித்தபடி, “வாய்மொழியா சொன்னாப் போதும் மேடம், எதுக்குப் பேப்பர்?” என்றார். புகார் கோப்பில் இருக்கிறது, மன்னிப்பு வாய்மொழியில் போனால் அதுவும் தற்காலிகக் கணக்குதான். கோப்பில் சேர்க்கச் சொல்லி, சேர்த்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். அவருக்குப் பதினொரு மாத ஒப்பந்தம். புதுப்பிக்கும்போது அந்தக் கோப்பைத்தான் திறப்பார்கள்.

இந்தக் கட்டுரையில் அவர் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். “ஒப்பந்தம் முடியட்டும் மேடம்” என்றார். அதனால் எழுதவில்லை. காக்கைபாடினியாருக்காவது பாடிய காக்கை மிஞ்சியது.

பதினோரு பக்கங்களை மறுபடி எழுதிவிட்டேன். இப்போது ஒன்பதுதான் வந்தது. மாலையில் சைன் அவுட் கொடுத்து, திரை முழுதாக மூடும்வரை காத்திருக்கிறேன். முக்கால் நிமிடம் ஆகிறது. சில நாள் 4.10 போய்விடுகிறது. அடுத்த பேருந்து 4.35க்கு.