பகிர்ந்த மாறியும் கம்பைலரின் உரிமையும்

மும்பை பவாயிலுள்ள ஐ.ஐ.டி.யில் 1987-இல் பட்டம் பெற்ற சரிதா ஆட்வே, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹில்லுடன் சேர்ந்து 1990-இல் முன்வைத்த ஒரு வரையறையே, பல இழைகளைக் கொண்டு, அதாவது ஒரே நிரலுக்குள் ஒருங்கே ஓடும் பல செயல்தொடர்களைக் கொண்டு, சி நிரல் எழுதுவோருக்கு இன்று அடிப்படை விதியாக வளர்ந்துள்ளது. இரண்டு இழைகள் ஒரே மாறியை ஒழுங்கின்றி ஒரே வேளையில் தொட்டு, அவற்றுள் ஒன்றேனும் அதில் எழுதுமானால் அது தரவுப் போட்டி எனப்படும். அத்தகைய போட்டியற்ற நிரலைத் தருவது நிரலாளரின் கடமை, அது எழுதப்பட்ட வரிசைப்படியே நடப்பதாகத் தோன்றச் செய்வது கம்பைலரும் பிராசசரும் ஏற்கும் கடமை. 2011-இன் சி11 தரம் இந்த உடன்படிக்கையை ஏற்றது; போட்டி நேர்ந்த நிரலுக்கு அது எந்த உறுதியும் அளிப்பதில்லை.

ஓர் இழை தரவை நிரப்பிய பின் 'தயார்' என்னும் சாதாரண மாறியில் 1 எழுதுவதாகவும், மற்றோர் இழை அம்மாறி பூஜ்யமாக இருக்கும்வரை வெற்றுச் சுழலில் காத்திருப்பதாகவும் கொள்ளலாம். சுழலுக்குள் மாறியை மாற்றும் வரி ஏதுமில்லை என்று காணும் கம்பைலர், அதன் மதிப்பை ஒருமுறை மட்டும் பிராசசரின் பதிவகத்தில் ஏற்றிக்கொண்டு, அதன் பின் நினைவகத்தைப் பார்க்காமலே சுழலை முடிவின்றி ஓடவிட உரிமை பெற்றுள்ளது. நிரலை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் இத்தகைய உகப்பாக்கத்தை நிறுத்தியதும் நிரல் ஒழுங்காக ஓடுவதைக் கண்டு பழியைக் கம்பைலர் மீது சுமத்துவது எளிது. ஆயினும் அம்மாறி பகிரப்படுகிறது என்ற செய்தி நிரலில் எங்குமே சொல்லப்படவில்லை.

வாலடைல் என்ற அடைமொழியைச் சேர்ப்பது பலரும் நாடும் மருந்து. அது ஒவ்வொரு முறையும் நினைவகத்தைப் படிக்க வைத்துச் சுழலை விடுவிக்குமே தவிர, 'தயார்' 1 ஆனதைக் கண்ட இழைக்குத் தரவும் நிரம்பியே தெரியும் என்று உறுதி கூறாது. வாலடைல் அல்லாத மாறிகளில் எழுதும் செயல்களைக் கம்பைலர் வாலடைல் அணுகலைத் தாண்டி இடம் மாற்றலாம், ஏஆர்எம் போன்ற பிராசசர்களும் எழுதும் செயல்களின் வரிசையை மாற்றலாம். அம்மாறியை, இழைகள் பகிர்வதற்கென்றே உள்ள அட்டாமிக் வகையாக அறிவித்து, எழுதும் இடத்தில் ரிலீஸ், படிக்கும் இடத்தில் அக்வயர் என்னும் ஒழுங்குகளைக் கேட்டால், முன்னது தனக்கு முற்பட்ட எழுதல்களையும் பின்னது தனக்குப் பிற்பட்ட வாசிப்புகளையும் எல்லை கடக்க விடாது. இந்த நுணுக்கம் இன்றியமையாத இடங்கள் குறைவு. மற்ற இடங்களில் மியூடெக்ஸ் எனப்படும் பூட்டே மேலானது, ஏனெனில் பூட்டலும் திறத்தலும் இவ்வொழுங்கைத் தாமே கொண்டுள்ளன. ஆனால் எழுதுபவர் மட்டும் பூட்டினால் போதாது, படிப்பவரும் அதே பூட்டைப் பெற வேண்டும். இதை விட்டுவிடுவது பரவலான பிழை.

ஜிசிசி, கிளாங் என்னும் இரு கம்பைலர்களிலும் கிடைக்கும் திரெட்சானிடைசர் என்னும் கருவி தரவுப் போட்டிகளைச் சுட்டிக்காட்டும், ஆனால் சோதனையின்போது ஓடிய பாதைகளில் மட்டுமே. ஓடாத பாதைகளை மனிதரே வாசித்துச் சரிபார்க்க வேண்டியிருப்பதால், பகிரப்படும் ஒவ்வொரு மாறியின் அறிவிப்புக்கு அருகிலும் அதை எந்தப் பூட்டு காக்கிறது என்று எழுதிவைப்பது தேர்ந்த நிரலாளரின் வழக்கம்.