கடைசிக் காற்புள்ளி

எங்க டீமில் போன வாரம் ஒரு காற்புள்ளிக்காக அரை மணி நேரம் வாக்குவாதம். பட்டியலின் கடைசி வரிக்குப் பின்னாலும் கமா வேணும் என்பது என் கட்சி. அது இல்லாவிட்டால், அடுத்து ஒரு வரி சேர்ப்பவர் முந்தைய வரியையும் தொட்டாக வேண்டும்; 'கிட் பிளேம்' அந்த வரியையும் அவர் பெயரில் காட்டும். வேலையை விட்டுப் போனவரின் தடம் இப்படித்தான் அழிகிறது. பல வரிப் பட்டியலில் கோ மொழி இந்தக் கமாவைக் கட்டாயமாக்குகிறது. ஜேசானில் போட்டால் பிழை.

எங்க புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலை இசைக் கல்வெட்டில் காற்புள்ளியே கிடையாது. 7 பகுதிகள், சுரங்கள் நான்கு நான்காக. ஆயிரம் வருஷத்துக்கு மேலாச்சு. எந்தச் சுரம் எந்தக் கூட்டத்தில் சேரும் என்று இன்னிக்கும் எண்ணிப் பார்க்கலாம். பின்னால் வர்றவனை நினைச்சுச் செதுக்கின கை அது.