எச்சமும் முற்றும்

தமிழ் கற்பிக்கும் நமக்குக் கணினி நிரலோடு என்ன உறவு என அன்பர்கள் வினவலாம். நம் பிழை ஒன்றே அவ்வுறவை வளர்த்தது.

துறையின் கட்டுரைப் போட்டிக்கு இணையவழிப் படைப்புகளைப் பெற விரும்பி, மாணவர் ஒருவர் துணையோடு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சிறு நிரல் எழுதினோம். 'அனுப்பு' என்னும் பொத்தானை அழுத்தியதும், ஒரே கட்டுரை இருமுறை வாராதிருக்க அது பூட்டப்படும். 'காத்திருக்கவும்' என்னும் சொல் தோன்றும். கட்டுரை வந்து சேர்ந்ததும் இரண்டும் நீங்கும்.

இறுதி நாள் மாலை, மாணவி ஒருவர் அனுப்புகையில் இணைப்பு அறுந்தது. பொத்தான் பூட்டியபடியே நின்றது. அச்சொல்லை நம்பி அவர் இரவெல்லாம் காத்திருந்தார். மறுநாள், "நான்தான் ஏதோ தவறு செய்துவிட்டேன், ஐயா" என்று கண்கலங்கினார். தவறு நம்முடையது.

வலைவழிக் கோரிக்கைக்கு விடை உடனே கிட்டுவதில்லை. ஆதலின் அம்மொழி 'பிராமிஸ்' என்னும் வாக்குறுதியை முதலில் கையளிக்கிறது. முற்றை எதிர்நோக்கி நிற்கும் வினையெச்சம் போன்றது அது. நிறைவேறினால் 'தென்' பகுதி இயங்கும். பொய்த்தால் 'கேட்ச்' பகுதி இயங்கும். பூட்டைத் திறக்கும் பணியை நாம் 'தென்' பகுதியில் மட்டுமே வைத்திருந்தோம்.

2018ஆம் ஆண்டின் எக்மாஸ்கிரிப்ட் தரவரையறையில் இடம்பெற்ற 'ஃபைனலி' இக்குறையைத் தீர்ப்பது. வென்றாலும் தோற்றாலும் அது இயங்கும். முடிவு இன்னதென்று அதற்குத் தெரிவிக்கப்படுவதில்லை. தன் பணியைப் பிழையின்றி முடித்தால், முடிவை மாற்றாமல் அடுத்த பகுதிக்கு விடுத்துவிடும். எனவே பூட்டைத் திறப்பதை 'ஃபைனலி'க்கும், தோல்வியை உரைப்பதை 'கேட்ச்' பகுதிக்கும் உரியதாக்கினோம்.

மற்றொன்றும் கற்றோம். 'ஃபெட்ச்' கட்டளையானது, வழங்கி 500 என்னும் பிழையெண்ணோடு மறுமொழி தந்தாலும் வாக்குறுதி நிறைவேறியதாகவே கொள்ளும். மறுமொழியின் 'ஓகே' பண்பை நோக்கியே உண்மை அறிதல் வேண்டும். வந்த விடையெல்லாம் வெற்றி விடை அன்று.

நடுவர்களிடம் நம் பிழையை ஒப்புக்கொண்டு, அம்மாணவியின் கட்டுரையைப் போட்டியில் சேர்த்தோம். நிரலும் திருந்தியது. உள்ளந்தான் அமைதி பெறவில்லை. இருபது ஆண்டு ஆசிரியப் பணியிலும் நாம் வெற்றிக்கு மட்டுமே வழி எழுதி வைத்தோமோ? தேர்ச்சி பெற்றோர்க்கு மாலையும் மேடையும் உண்டு. தேறாதோரைக் 'காத்திருக்கவும்' என்று நிறுத்திவிட்டு மறந்தோமோ?

மாணவச் செல்வங்களே, எப்பணியைத் தொடங்கினும் அது பொய்த்தால் செய்ய வேண்டுவதையும் முன்னரே எழுதி வையுங்கள். முடிவு எதுவாயினும், பூட்டிய கதவைத் திறந்துவிடுவது பூட்டியவர் கடமை.