ஸ்க்ரோலுக்கும் சட்டம் உண்டு

லோக்கல் சேனல் பிழைப்பது செய்தியால் அல்ல, திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோலால். காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி எல்லாம் அதில்தான் போகும். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் அந்த ஒற்றை வரிதான் எடிட்டரான எனக்குத் தலைவலி.

டிவியிலும் கேபிளிலும் அரசியல் விளம்பரம் போட முன்சான்று வேண்டும் என்பது 2004 ஏப்ரல் 13-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. மாவட்டத்தில் இதற்கென்று ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு இருக்கிறது. வேட்பாளரும் பதிவு பெற்ற கட்சியும் ஒளிபரப்புக்கு 3 நாள் முன்னதாகவும், மற்றவர்கள் 7 நாள் முன்னதாகவும் விண்ணப்பிக்க வேண்டும். விளம்பரத்தின் 2 பிரதிகள், அதில் பேசுவது முழுவதும் எழுத்தில், தயாரிக்க ஆன செலவு, எத்தனை முறை ஓடும், முறைக்கு எவ்வளவு என்று எல்லாம் கேட்பார்கள்.

விளம்பரம் என்று சொல்லிக்கொண்டு வருவதைச் சமாளித்துவிடலாம். காதணி விழாவாக வருவதுதான் கஷ்டம். ஜெயலலிதாவின் பதவி பறிபோய் 2015 பிப்ரவரி 13-இல் ஸ்ரீரங்கத்துக்கு இடைத்தேர்தல் வந்தபோது, தமிழ்நாட்டு அரசியல் மொத்தமும் எங்கள் ஊருக்குள் கூடாரம் போட்டிருந்தது. "எங்கள் இல்ல விழாவுக்கு வருகை தரும்..." என்று ஆரம்பிக்கிற ஸ்க்ரோல், கடைசியில் சின்னத்தில் போய் முடியும். பிள்ளையின் பெயரும் மண்டபமும் இருக்கட்டும், சின்னமும் "வெற்றி வேட்பாளர்" என்பதும் வேண்டாம் என்பதே நான் வைத்துக்கொண்ட அளவு. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தலைவர் பெயரையும் எடுத்துவிடுவேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆவது பிரிவோடு விளையாடுவதற்கு ஸ்க்ரோல் காசு போதாது.

தேர்தல் இல்லாத நாளிலும் எங்களைக் கட்டுவது கேபிள் சட்டம். அது 1995-இல் வந்தது. அதன்படி ஆபரேட்டர் பதிவு செய்தது ஹெட் போஸ்ட் ஆபீஸில். 2025 ஜனவரியில் அதுவும் ஆன்லைனுக்குப் போய்விட்டது. கலெக்டர், சப்-கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவருமே கருவிகளைக் கைப்பற்றலாம். முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை என்று இருந்ததை 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் நீக்கியது. கடுமையான சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் கலெக்டர் ஆபீஸுக்குப் போய், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் "சார், இது போடலாமா?" என்று கேட்க முடிகிறது.

காலை ஜோதிட ஸ்லாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சி கூடாது என்கிறது கேபிள் சட்டத்தின் கீழுள்ள நிகழ்ச்சி விதி. பொருளுக்கு அற்புத சக்தி உண்டென்று விளம்பரம் செய்யாதே என்கிறது விளம்பர விதி. ராசிபலனை விடுகிறேன், "மூன்றே நாளில் வசியம்", "தாயத்து கட்டினால் வழக்கு ஜெயம்" இரண்டையும் வெட்டுகிறேன். வெட்டியது அத்தனையும் அன்று சாயங்காலமே ஜோதிடரின் சொந்த வீடியோ சேனலில் ஓடும். "அங்க ஓடுது, இங்க ஏன் தம்பி ஆகாது?" என்று அவர் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. 2021 பிப்ரவரி 25-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி படங்களுக்கு வயது வகை பிரிக்கச் சொல்கின்றன, இணையச் செய்திக்கு நெறிமுறை வகுக்கின்றன. தனி ஆள் ஏற்றும் வசியத்தை அந்த நெறிமுறை தொடுவதில்லை. அதன் முக்கியப் பகுதியையே பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஐரோப்பாவில் 2018-லேயே டிவி, ஓடிடி, வீடியோ தளம் மூன்றையும் ஒரே வழிகாட்டுச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். இங்கே 2023 நவம்பரில் ஒளிபரப்பு மசோதா வரைவாக வந்தது. சர்ச்சை கிளம்பி அப்படியே நின்றது.

சித்திரைத் தேர் அன்று கதையே வேறு. விருப்பன் திருநாளில் ஸ்ரீரங்கம் நம்பெருமாள் தேர் சித்திரை வீதியைச் சுற்றி வருவதைக் கேபிளில் கொடுத்தால் ஒரு புகாரும் வராது. அதையே இணையத்தில் ஏற்றினால் சில நிமிடத்தில் காப்புரிமை க்ளெய்ம் விழும். நாகஸ்வரத்துக்கு இல்லை, வீதி முனைக் கடையின் ஸ்பீக்கரில் ஓடிய பக்திப் பாட்டுக்கு! காப்புரிமைச் சட்டம் 52-ஆவது பிரிவில் உண்மையான சமயச் சடங்குக்கு விலக்கு தருகிறது. அது நேரலைக்கும் செல்லுமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். பாட்டைப் பிடிக்கிற மெஷினுக்குப் பிரிவு 52 தெரியாது. ஆட்சேபம் தெரிவிக்கிற படிவத்தில் கோயில் விழா என்று ஒரு கட்டமும் கிடையாது.

அதனால் ஒலியைப் பிரித்து எடுக்கிறோம். கேமரா மைக் ஒரு டிராக். தேர் வடத்துக்குப் பக்கத்தில் ஆள் கையில் பிடிக்கும் மைக் இன்னொரு டிராக். பாட்டு குறுக்கிடுகிற இடத்தில் கேமரா ஒலியை இறக்கி, வடத்தின் ஒலியை ஏற்றினால் "ரங்கா, ரங்கா" என்கிற கூட்டத்தின் குரல் மட்டும் நிற்கும். தேர் வீதி முனையில் திரும்பும்போதுதான் இரண்டு மைக்கிலும் பாட்டு விழுந்துவிடும். கடைக்காரரிடம் முன்கூட்டியே போய், "அண்ணே, தேர் திரும்புற வரைக்கும் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்று கேட்டுப் பார்ப்பேன். தலையை ஆட்டுவார், நிறுத்த மாட்டார். அவருக்கு வியாபாரமே அன்றைக்குத்தான்.